சாரப் பலகைகளைப் புரட்டிப் பார்த்த விஜிலா

தூத்துக்குடியில் காசிலிங்கம் அண்ணாச்சியின் மரக்கடையில் பதினான்கு வருடமாகப் பலகை பிரித்துக் கொடுப்பவள் விஜிலா. கொத்தனார்கள் மேலே நின்று வேலை பார்க்கும் சாரத்துக்குப் பலகை வேண்டுமென்றால் எல்லாரும் அவளைத்தான் தேடுவார்கள். அவள் தட்டிப் பார்த்து "கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டால், அதற்குமேல் யாரும் அந்தப் பலகையைப் பார்ப்பதில்லை.

போன ஆவணியில் ஒருநாள் காலை பதினொரு மணிக்குப் போன் வந்தது. முத்தையாபுரத்தில் இரண்டாவது மாடிச் சுவரைப் பூசிக்கொண்டிருந்த சிவனாண்டி கொத்தனார், பலகை முறிந்து கீழே விழுந்துவிட்டார்.

"உங்க கடைப் பலகைதான்க்கா" என்றது குரல்.

அவள் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது அவரை ஆம்புலன்ஸில் கொண்டுபோய்விட்டார்கள். மணலில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. கவிழ்ந்த சாந்துச் சட்டிக்குப் பக்கத்தில் பலகை இரண்டு துண்டாகக் கிடந்தது. அதைப் புரட்டினாள். அடிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு, கிளை கிளம்பிய இடத்து முடிச்சு ஒன்று. மர நாரெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு விலகி ஓடி, அந்த இடம் வலுவிழந்திருந்தது. மேல்பக்கம் மட்டும் வழவழவென்று இருந்தது. அந்தப் பக்கத்தைத்தான் அவள் தட்டிப் பார்த்திருந்தாள்.

கடைக்குத் திரும்பியதும் அடுக்கில் இருந்த அறுபது பலகைகளையும் புரட்டினாள். பதினொன்றில் முடிச்சு.

"ஏளா, என்ன செய்யுத?" என்று அண்ணாச்சி எழுந்து வந்தார்.

"இதே லோடுல வேற மூணு எடத்துக்கு அனுப்பியிருக்கோம் அண்ணாச்சி. அங்கன ஆளு நிக்காவ. இப்ப, இந்த நிமிசம் நிக்காவ."

அண்ணாச்சி லோடு ஆட்டோவின் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

முதல் இரண்டு இடங்களில் சொன்னதும் இறங்கிவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் தேவபிரசாதம் என்ற கொத்தனார் இறங்க மறுத்தார். "ரெண்டு வாரமா இதுலதான் நிக்கேன். பாரு" என்று மூன்றாவது மாடி உயரத்தில் பலகையை ஓங்கி மிதித்துக் காட்டினார். விஜிலா போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. சலித்துக்கொண்டே இறங்கி வந்தார். பலகையை இறக்கிப் புரட்டினார்கள். முடிச்சிலிருந்து விளிம்பு வரை விரிசல் ஓடியிருந்தது. தேவபிரசாதம் அப்படியே மணலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

சிவனாண்டிக்குத் தொடை எலும்பில் கம்பி வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் அவர் காலைப் பார்த்ததும் விஜிலா அழுதுவிட்டாள். "நானும் புரட்டிப் பாக்கலையே தாயி" என்றார் அவர். அதைக் கேட்ட பிறகு அவளுக்கு இன்னும் தாங்கவில்லை.

அதன்பிறகு அவளால் ஒரு பலகையையும் நம்பிக் கொடுக்க முடியவில்லை. வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். அந்தச் சமயத்தில்தான் முத்தையாபுரம் கட்டடத்தின் இன்ஜினியர் ஜெபசுதா, எல்.வி.எல். என்ற சாரப் பலகை ஒன்றைக் கொண்டுவந்தாள். பக்கவாட்டில் பார்த்தால் புத்தகத் தாள்போல வரிவரியாக இருந்தது.

"ப்ளைவுட்டா?" என்றார் அண்ணாச்சி.

"இல்ல அண்ணாச்சி. பென்சில் சீவுத மாதிரி மரத்தச் சுத்திச் சுத்தி மெல்லிசா உரிச்சு, பசை போட்டு, சூட்டுல அமுக்குதாவ. ப்ளைவுட்ல நாரு குறுக்கும் நெடுக்கும் போவும். இதுல எல்லாம் நீளவாக்குலயே ஓடும். முடிச்சு இருந்தாலும் ஒரு தாள்லதான் இருக்கும். மத்த தாளுக தாங்கிக்கிடும். வீட்டு உத்தரம், கூரைச் சட்டம் எல்லாத்துக்கும் இதுல செய்யுதாவ, எம்புட்டு நீளம் வேணும்னாலும்."

விஜிலா நம்பவில்லை. கடையிலேயே நல்ல மரப் பலகை ஒன்றை நான்கு பக்கமும் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். ஒரு முடிச்சுகூடக் கண்ணில் படவில்லை. இரண்டையும் சிமெண்டுக் கல்மேல் பாலம்போல வைத்து நடுவில் சிமெண்டு மூட்டைகளை ஏற்றினார்கள். ஐந்தாவது மூட்டையில் அவள் எடுத்த பலகை வெடி வெடித்ததுபோல முறிந்தது. எல்லாரும் பின்னால் துள்ளினார்கள். பிளந்த இடத்தில், வெளியே தெரியாமல், கறுத்த முடிச்சு ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தது.

மற்றது எட்டு மூட்டைக்கும் வளைந்து கொடுத்தது. இறக்கியதும் பழையபடி நிமிர்ந்தது.

விஜிலா அதைப் பார்க்கவில்லை. முறிந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "புரட்டிப் பாத்தும் தெரியலையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இப்போது அந்தக் கடையில் சாரத்துக்கு எல்.வி.எல். மட்டும்தான். விலை கூடுதல் என்று திரும்பிப் போகிறவர்களை அண்ணாச்சி தடுப்பதில்லை. உப்புக் காற்றும் மழையும் பட்டுப் பசை விட்டுவிடக் கூடாதென்று விளிம்புகளுக்குப் பூச்சு அடித்துக் கொடுக்கிறார்கள். பலகை வீங்கினால் அதில் ஏறாதீர்கள் என்று சொல்லி அனுப்புவது விஜிலாதான். சிவனாண்டி காலைச் சாய்த்து நடக்கிறார், தரைக்கு டைல்ஸ் பதிக்கிறார். தேவபிரசாதம் புதுப் பலகையில் ஏறி நின்று, பலகை கொண்டுவந்திருந்த விஜிலாவை "ஒடியாதுளா, மேல பாரு!" என்று ஒருநாள் கூப்பிட்டார்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. அவர் இறங்குகிறவரை மணலைப் பார்த்தபடியே நின்றாள்.