இருபத்திரண்டில் நின்ற முள்

ஊரார் வீட்டு ஃப்ரிட்ஜையெல்லாம் ஓட வைக்கிறவர் வீட்டில் ஃப்ரிட்ஜ் ஓடவில்லை. அது அலமாரி வேலை பார்த்தது. நடுத்தட்டில் பள்ளிச் சீருடை, காய்கறிப் பெட்டியில் காலுறை, ஃப்ரீசரில் பனியன். வீட்டுக்கு வந்தவர்கள் தண்ணீர் எடுக்கக் கதவைத் திறந்து, பனியனைப் பார்த்துவிட்டு, தாகமே இல்லாதவர்கள் மாதிரி சாத்திவிடுவார்கள்.

தெருவில் அவருக்குக் 'கூலிங்' என்று பேர். இருபது வருஷமாக ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஒரு நாள் பழைய சாமான் கடையில், செத்த ஃப்ரிட்ஜ்கள் மலையாகக் கிடந்த இடத்தில், எவனோ ஒருவன் குழாயை வெட்ட, உள்ளே இருந்த வாயு புஸ்ஸென்று வானத்துக்குப் போனதைப் பார்த்தார். அன்றைக்குப் பிடித்தது அவருக்கு, பூமியைக் காப்பாற்றும் பைத்தியம். துவைத்த தண்ணீர் கக்கூஸுக்கு, குளித்த தண்ணீர் செடிக்கு, ஆளில்லாத அறையில் விளக்குக் கிடையாது. கரன்ட் பில்லில் பாதியைத் தின்பது ஃப்ரிட்ஜ்தான் என்று சொல்லி, தன் வீட்டு ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸரைக் கழற்றி, நொடித்துப்போன பால்கடைக்காரர் ஒருவருக்குச் சும்மாவே மாட்டிக் கொடுத்தார். நல்ல மனுஷர். அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வீட்டில் யாராவது எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருப்பார்கள்.

மறு வருஷம் பத்து வயது மகளுக்குச் சர்க்கரை வியாதி என்றார்கள். தினமும் இன்சுலின் ஊசி. மருந்தை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லி டாக்டர் அனுப்பினார்.

"ஏங்க, இப்பவாவது அந்தப் பொட்டிக்கு உயிர் குடுங்களேன்" என்றாள் மனைவி.

"ஒரு சின்ன பாட்டிலுக்கு ஒரு ஆள் உயரப் பொட்டி ஓடணுமா? நான் பாத்துக்கறேன் விடு."

பார்த்துக்கொண்டார். பெரிய மண்பானைக்குள் சின்ன பானை, நடுவில் மணல், மணலுக்குக் காலையும் மாலையும் தண்ணீர், மேலே ஈரச் சாக்கு; ஈரம் காயக் காய உள்ளே குளிரும். செத்த ஃப்ரிட்ஜ் ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த முள் வைத்த தெர்மாமீட்டரை உள்ளே செருகினார். வெளியே வெயில் முப்பத்தெட்டு, முள் இருபத்திரண்டு. தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். மாடி வீட்டு டீச்சரம்மா மட்டும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"ஃப்ரிட்ஜுக்கு இது ஈடாகுமா அண்ணா?"

"டீச்சர், நீங்க கதவத் தொறந்து வச்சுக்கிட்டு என்ன எடுக்கலாம்னு யோசிக்கிற நேரத்துல ஒரு மரமே வாடிப்போகுது."

அன்றிலிருந்து அந்த அம்மா அவரைப் படியில் கண்டால் இரண்டு படி வேகமாக ஏறுவாள்.

வெயில் போய்ப் புழுக்கம் வந்தது. காற்றே இல்லை; காயப்போட்ட துணி மூன்று நாளாகியும் காயவில்லை. மகளுக்குச் சர்க்கரை ஏறத் தொடங்கியது. ஒரே மருந்து, ஒரே அளவு, ஆனால் விரலில் குத்திப் பார்த்தால் முந்நூறு. மறுநாள் முந்நூற்று நாற்பது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். கூலிங் பானையைப் பார்த்தார்: இருபத்திரண்டு. மகளைப் பார்த்தார்.

"ஸ்கூல்ல யார்கிட்டயாவது மிட்டாய் வாங்கித் தின்னியா?"

"இல்லப்பா."

"பொய் சொன்னா எனக்குத் தெரியும்."

"பானைக்குள்ள கைய விட்டுப் பாருங்கப்பா. வெதுவெதுன்னு இருக்கு."

"கை பொய் சொல்லும். முள் சொல்லாது."

அவர் அவளுடைய பையைக் கவிழ்த்தார். பென்சில் சீவல், அழிரப்பர், பாதி கடித்த பேனா மூடி. மிட்டாய்க் காகிதம் ஒன்றுகூட இல்லை. சாமர்த்தியமாக ஒளிக்கிறாள் என்று முடிவு கட்டினார். அன்று ராத்திரி அவள் சாப்பிட உட்காரவில்லை. தான் எதையும் தின்னவில்லை என்று காட்ட அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அவரும் வீம்பாகக் கூப்பிடாமல் இருந்துவிட்டார்.

மறுநாள் காலை ஹோட்டல் ஒன்றில் வேலை. கூலிங்குக்கு ஒரு பழக்கம் உண்டு: எந்த மீட்டரானாலும் முதலில் கண்ணாடியை நகத்தால் சுண்டுவார், முள் அசைந்தால்தான் அளவை நம்புவார். யார் வீட்டு மீட்டரையும் நம்பாத மனுஷர். அன்றும் சுண்டினார். முள் ஆடியது. சுண்டிய விரல் மட்டும் கண்ணாடிக்கு முன்னால் அப்படியே நின்றது.

வீட்டுப் பானையின் முள்ளை அவர் ஒரு நாளும் சுண்டியதில்லை. அது அவருடையதாயிற்றே.

கருவிப் பையைக்கூட எடுக்காமல் ஓடிவந்தார். சாக்கை விலக்கி, தெர்மாமீட்டரை உருவிச் சுண்டினார். அசையவில்லை. அடுப்பில் கொதித்த தண்ணீரில் முக்கினார். இருபத்திரண்டு. ஓடிப் போய்க் கடையில் ஐஸ் வாங்கி வந்து அதில் புதைத்தார். இருபத்திரண்டு. பானை ஈரத்தில் கிடந்து பின்பக்கம் துருப்பிடித்து, என்றைக்கோ செத்துப்போன முள் அது. செத்த ஃப்ரிட்ஜின் பாகம். எதையும் வீணாக்கக் கூடாது என்று எடுத்து வைத்தது.

பானைக்குள் கையை விட்டார். வெதுவெதுப்பாக இருந்தது.

உள்ளறையில் மனைவி கூப்பிட்டாள். மகள் வாந்தி எடுத்திருந்தாள். மூச்சு இரைத்தது. கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

"நான் எதுவும் திங்கலப்பா."

"தெரியும்டா. தெரியும். பேசாத."

ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் ஊசி குத்திக் குழாய் மாட்டினார்கள். மருந்து சூட்டில் செத்திருக்கிறது, சில நாளாகத் தண்ணீரைத்தான் குத்தியிருக்கிறீர்கள் என்று டாக்டர் சத்தம் போடாமல் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. சாயங்காலம் வரை எதுவும் சொல்ல முடியாதாம்.

மத்தியானம் மனைவி ஒரு பையை அவர் கையில் திணித்தாள். புது மருந்து, சுற்றிலும் ஐஸ்.

"ஐஸ் கரையுது. எங்கயாவது கொண்டு போய் வைங்க."

"இப்ப எதுக்கும்மா? டாக்டரே ஒண்ணும் சொல்லல."

"அவ வீட்டுக்கு வருவா" என்றாள். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. "வர்றப்ப மருந்து இருக்கணும்."

வீட்டுக்கு வந்தார். தன் ஃப்ரிட்ஜைத் திறந்தார். மடித்து வைத்த சீருடை இருந்தது. சாத்திவிட்டு மாடிப்படி ஏறினார். எத்தனையோ வீட்டுக் கதவைத் தட்டி "ஃப்ரிட்ஜ் பாக்கணும்" என்று சொன்னவர் அன்றைக்கு டீச்சரம்மா வீட்டுக் கதவைத் தட்டினார். பையை மட்டும் நீட்டினார்.

டீச்சரம்மா விஷயத்தைக் கேள்விப்பட்டிருந்தாள். நடுத்தட்டிலிருந்த பாத்திரங்களை எடுத்துக் கீழே வைத்தாள்.

அவர் மருந்தைக் கதவுத் தட்டில் வைக்கப் போனார்.

"அங்க வேணாம் அண்ணா. தொறக்குறப்பல்லாம் சூடேறும். நீங்கதான ரிப்பேருக்கு வந்தப்ப சொன்னீங்க."

நடுத்தட்டில் வைத்தார். பின்சுவரில் பட்டு உறைந்துவிடாமல் கொஞ்சம் முன்னால் இழுத்து வைத்தார். பிறகு கையை உள்ளேயே விட்டு, விரலை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். குளிர்ந்தது. எடுத்துவிட்டால் குளிர் போய்விடும் போல இருந்தது. மோட்டார் ஓடத் தொடங்கி, நிற்காமல் ஓடியது. கதவு பப்பரப்பா என்று திறந்தே கிடந்தது.

டீச்சரம்மா சாத்தச் சொல்லவில்லை.