குசினி நிறையத் தோல்விகள்

பிளாக்டவுனில் வாடகைக்கு அறை பார்க்கப் போன இடத்தில்தான் அந்த வீட்டுக்கார அங்கிளைச் சந்தித்தேன். தொந்தியில் இறுகிய பச்சை மஞ்சள் ஜெர்சியோடு கதவைத் திறந்தார். அவருடைய மனைவி சமைத்துக்கொண்டிருந்த குசினியின் சுவர்களும் பச்சை மஞ்சள்தான். அலுமாரி முழுவதும் அவருடைய ஊர்க் கால்பந்து அணியின் பெயர் போட்ட தேநீர்க் கோப்பைகள்.

"இவ்வளவு தரம் வெண்டிருக்கினமோ, அங்கிள்?"

"இல்லைத் தம்பி. பைனலில தோக்கிற ஒவ்வொரு முறையும் நான் ஒண்டு அடிப்பிக்கிறனான்."

அன்ரி எனக்கு ஜாம் போத்தலில் தேநீர் தந்தார். "அதுகளைத் தொட விடமாட்டார், தம்பி" என்றார்.

"ஒருக்கா வெண்டா என்ன செய்வியள்?" என்று அங்கிளிடம் கேட்டேன்.

அவர் குசினியை ஒரு சுற்றுப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"அதுதான் யோசனை. பெரிசா ஒண்டு அடிப்பிக்கவேணும். வைக்க இடமில்லை."

அறையை நான் எடுக்கவில்லை. அந்த அணி வெல்ல வேண்டும் என்று நினைப்பதா, வேண்டாமா என்பதுதான் இன்னும் தெரியவில்லை.