பொழுதுபோக்கு: நாடகம்

கம்பெனியில் நேற்று வாழ்க்கைத் தரம் பற்றி ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர் எழுத வேண்டாம், மனம் திறந்து எழுதுங்கள் என்றார்கள்.

பொழுதுபோக்கு என்ற இடத்தில் எங்கள் அசெம்பிளி லைனில் வேலை செய்யும் எல்லோரும் 'டிவி' என்று எழுதினார்கள். நான் மட்டும் 'நாடகம், ஞாயிறுதோறும் மண்ணூரில் ஒத்திகை' என்று எழுதித் தொலைத்தேன்.

இன்று காலை ஷிப்ட் பஸ்ஸில் சூப்பர்வைசர் முன்சீட்டை விட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னாப்பா, நாடகம்லாம் போடுறியாமே. கதை இன்னா?"

"சும்மா காமெடி சார்."

"அதுல சூப்பர்வைசரா நடிக்கிறது யாரு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஒரகடத்தில் கம்பெனி வாசல் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

நாடகத்தில் சூப்பர்வைசர் வருவதை நான் படிவத்தில் எழுதவில்லை. ஒத்திகை பார்க்கும் எங்கள் ஐந்து பேருக்குத்தான் அது தெரியும்.

மற்ற நாலு பேரும் இந்தப் பதிவைப் படிப்பீர்கள். யார் முதலில் லைக் போடுகிறீர்கள், பார்க்கிறேன்.