கஞ்சி போட்ட நோட்டு

நம்பாதவர்கள் நம்பாமலே படிக்கட்டும். நடந்தது நடந்ததுதான். ரேஷன் அரிசிக்கு ஊரே மல்லுக்கட்டிய அறுபத்தைந்தாம் வருஷம், சின்னாளப்பட்டி நெசவுக்காரி சண்முகவள்ளிக்கு நடந்தது இது.

புருஷன் காத்தமுத்து செத்து மூன்று மாதம். தினமும் காலையில் ஒரு கைப்பிடி அரிசியைப் பொங்கி, வடித்த கஞ்சியைப் பிள்ளைகளின் மத்தியான வயிற்றுக்கு மூடி வைத்துவிட்டுக் கூலித்தறிக்குப் போவாள். ஒரு நாள் திரும்பி வந்து பார்த்தால் சட்டி காலி. பூனை என்று நினைத்தாள். பூனை இப்படி வழித்து வைக்காது. மறுநாள் மூடிமேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். குழவி வைத்தது வைத்தபடி இருந்தது. சட்டிக்குள் கஞ்சி இல்லை.

பக்கத்து வீட்டுக் கண்ணம்மாளைத் தெருவில் நிறுத்திக் கேட்டாள். "ஒன் ஓட்டைச் சட்டிக் கஞ்சிக்கு நான் களவாணியாடி?" என்று கண்ணம்மாள் சேலையை உதறிவிட்டுப் போனாள். அதோடு பேச்சு அறுந்தது. பிள்ளைகள் அந்த வாரம் முழுக்கப் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தன.

அந்த ஆத்திரத்தில் இருந்தபோதுதான் சௌகத் அலி வந்தார். பழைய நோட்டும் காசும் வாங்கி விற்கிற பேகம்பூர்க்காரர். காத்தமுத்துவிடம் ஒரு நோட்டு உண்டாமே என்று விசாரித்தார்.

இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் காலத்து இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு. காத்தமுத்துவின் தாத்தா சேலை விற்ற இடத்தில் வாங்கியது. அப்படி ஒரு நோட்டை அரசாங்கம் அச்சடித்ததே பலருக்குத் தெரியாது. திண்டுக்கல்லில் நோட்டுச் சேர்க்கிற தண்டாயுதபாணி அதைப் பார்த்துவிட்டு, இப்படித் துவண்டு கிடந்தால் ஒன்றும் தேறாது, புதுசு மாதிரி மொடமொடவென்று இருந்தால் இருநூறு என்று சொல்லியிருந்தார்.

நெசவாளிக்கு என்ன தெரியும்? துவண்ட நூலுக்குக் கஞ்சி போட்டால் விறைக்கும். அது தெரியும். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடுகிற மாதிரியே காத்தமுத்து நோட்டுக்கும் பிரஷால் கஞ்சி தீட்டி, நிழலில் உலர்த்தி, கும்பிட்டபடி கொண்டுபோய்க் கொடுத்தான். தண்டாயுதபாணி நாலு பேர் முன்னால் வைத்து வாயில் வந்ததையெல்லாம் பேசினார். கெடுத்துவிட்டாயே, இனி இது குப்பை என்று ஒரு ரூபாயை வீசினார். குப்பையை மட்டும் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டார். வீடு வந்த காத்தமுத்து, "நாந்தான் கெடுத்துட்டேன் வள்ளி" என்று படுத்தான். காய்ச்சல். எழவே இல்லை.

கதையைக் கேட்ட சௌகத் அலி தலையில் அடித்துக்கொண்டார்.

"பச்சத் தண்ணியில செத்த நேரம் போட்டா கஞ்சி போயிரும் தங்கச்சி. இப்பவும் நூறு தேறும். அந்த ஆளுக்கு இது தெரியாதாக்கும்?"

சண்முகவள்ளி அப்போதே கிளம்பினாள். பஸ்ஸுக்குக் காசில்லை. மதுரை ரோட்டில் வெயிலில் திண்டுக்கல்லுக்கு நடந்தாள். நோட்டு, இல்லை நூறு ரூபாய். ரெண்டில் ஒன்று இல்லாமல் திரும்புவதில்லை.

மலையடிவாரத்தில் தண்டாயுதபாணியின் மச்சு வீடு. அவள் வாசல் மிதிக்கவும் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. கதவு திறந்து கிடந்தது. கூடத்தில் அரிசி மூட்டைகள், உத்தரம் வரை. ஊர் பட்டினி கிடக்க, இங்கே மூட்டை.

உள்ளேயிருந்து ஒரு சத்தம்.

சரக்... சரக்...

அவளுக்குத் தெரிந்த சத்தம். பாவில் கஞ்சி தீட்டும் சத்தம். ஆனால் இந்த வீட்டில் தறி இல்லை. நூலும் இல்லை...

தண்டாயுதபாணி வெளியே வந்தார். கண் குழிவிழுந்திருந்தது. அவளைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது.

உள்ளறையைக் காட்டினார். மேசைமேல் நோட்டு ஆல்பம். பர்மா நோட்டு, நிஜாம் நோட்டு, ஆயிரம் ரூபாய் நோட்டு... எல்லாம் கஞ்சியில் ஊறி, தாளோடு தாளாக ஒட்டிக் கிடந்தன.

"இந்த வாரம் பூரா இப்படித்தாம்மா. பூட்டுனாலும் நிக்கல. ஒம் புருசந்தான். நீ சொன்னாக் கேப்பான்... வேணாம்னு சொல்லும்மா."

அறையில் யாரும் இல்லை.

ஆனால் தாளில் ஒரு ஈரக்கோடு நகர்ந்தது.

இடமிருந்து வலம். நிதானமாக. திட்டுத் திட்டாக இல்லாமல்.

அந்தக் கையை அவளுக்குத் தெரியும்.

அடிப்பிடித்த வாடை வந்தது. அன்று காலை அவள் வீட்டு உலையில் அடிப்பிடித்த அதே வாடை.

அவளுக்கு வயிறு எரிந்தது.

"யோவ்."

கோடு நின்றது.

"எம் புள்ளைக கஞ்சியவா எடுத்தாந்த? உசுரோட இருந்தப்ப ஊருக்கு உழைச்ச. செத்தும் இவனுக்கே கூலியில்லாம உழைக்கிறியா?"

எங்கோ சொட்டியது... சொட்...

"போட்டுத்தான் ஆகணும்னா இவன் வீட்டு அரிசி மூட்டை மூட்டையாக் கெடக்கு. அத எடுத்துப் போடு."

இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு கடைசித் தாளில் இருந்தது. அது ஒன்றுதான் காய்ந்திருந்தது. எடுத்துக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை.

வாசல் தாண்டும்போது கேட்டது.

சரக்... சரக்...

மறுநாள் சட்டியில் கஞ்சி வைத்தபடி இருந்தது. ஒரு செம்பில் ஊற்றிக் கண்ணம்மாள் வீட்டில் கொண்டுபோய் நின்றாள். "இன்னிக்கு நான் களவாணி இல்லையாக்கும்" என்று முகத்தைத் திருப்பியபடியே கண்ணம்மாள் வாங்கிக்கொண்டாள். சௌகத் அலியும் சொன்ன விலையைக் கொடுத்தார்.

ஆடி பிறந்ததும் அவர் மறுபடி வந்தார். தண்டாயுதபாணி போய்ச் சேர்ந்துவிட்டாராம். மூன்று வேளையும் சமையல்காரர் பக்கத்தில் நின்று பரிமாறியிருக்கிறார். ஆனாலும் டாக்டர், பட்டினியில் போன உயிர் என்றாராம். கூடத்து மூட்டைகளைத் தூக்கினால் கனமே இல்லை. தையல் பிரியவில்லை. உள்ளே ஒரு மணி அரிசி இல்லை.

"அவரக் குளிப்பாட்டுன தண்ணி வெள்ளையா ஓடுச்சாம் தங்கச்சி. கடைசிக் குடம் வரைக்கும்."