முயல்காது முடிச்சு

அந்தத் தெருவில் எழுபத்திரண்டு வீடுகள். அத்தனை வீட்டுக் குப்பைப் பைகளும் ஒரே மாதிரி முடிச்சோடு வரும். வாயை இறுக்கி இரண்டு சுற்று, தூக்கிப் போட வசதியாக மேலே முயல்காது போல இரண்டு நுனி.

கற்றுக்கொடுத்தது குப்பை வண்டி தள்ளும் அக்கா. வண்டியின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. மீன் கழுவிய தண்ணீரும் சோற்று நீரும் ஒழுகி, அவர் கால் விரலிடுக்கெல்லாம் புண். தகடு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டு அலுத்தபின், வாசல் வாசலாக நின்று முடிச்சைச் சொல்லிக்கொடுத்தார். ஒரே மாதத்தில் கால் ஆறியது. தெரு அவருக்கு முயலக்கா என்று பெயர் வைத்தது.

பைகள் தெருமுனைத் தொட்டிக்குப் போகும். லாரி வராத நாட்களில் தொட்டி வழியும்.

இரண்டு தெரு தள்ளி அவருடைய நாத்தனார் ஒரு பசு வைத்திருந்தார். எட்டு மாதச் சினை. ஒரு திங்கட்கிழமை அது தீவனத்தைத் தொடவில்லை, அசையும் போடவில்லை. இடது வயிறு மத்தளமாக உப்பியிருந்தது. கால்நடை மருத்துவர் தட்டிப் பார்த்தார்.

“வயித்தைத் திறக்கணும். சினை வேற. தாய், கன்னு ரெண்டுக்கும் உறுதி சொல்ல மாட்டேன். விட்டா ரெண்டுமே போயிடும்.”

பசுவை நிற்கவைத்தே விலாவை மரக்கச் செய்து அறுத்தார். தோள்வரை கையை விட்டு எடுக்க எடுக்க, கயிறாக முறுகிய பைகள் வந்துகொண்டே இருந்தன. முயலக்கா வாளி பிடித்தார். மூன்றாவது வாளியில் சில பைகள் பிரியாமலே விழுந்தன. மேலே இரண்டு காது.

“பிரிஞ்சிருந்தா சோத்தை மட்டும் தின்னுட்டுப் போயிருக்கும். கட்டியிருந்தா பையோட முழுங்கிடும். யாரு இவ்ளோ நேர்த்தியா கட்டுறாங்க?” என்றார் மருத்துவர்.

“கட்டுறவங்களைத் தெரியாது டாக்டர்,” என்றார் நாத்தனார். “கத்துக்குடுத்தவங்க வாளி பிடிச்சிட்டு நிக்கிறாங்க.”

முயலக்கா அடுத்த வாளியை நீட்டினார்.

தையல் போட்டுவிட்டு மருத்துவர் சொன்னார்: “அஞ்சு நாள் பாருங்க. அசை போட்டா பொழைச்சுது.”

மறுநாள் அக்கா அதே எழுபத்திரண்டு கதவுகளைத் தட்டினார். “முடிச்சு வேண்டாம். பையே வேண்டாம். வாளியில போட்டு வைங்க, நானே கவுத்துக்கறேன்.”

“நீங்கதானே கட்டச் சொன்னீங்க?”

“நான்தான். இப்ப வேண்டாங்கறதும் நான்தான்.”

தையல்காரர் மட்டும் மிஷினை நிறுத்தவில்லை. “என் பைக்கும் மாட்டு வயித்துக்கும் என்னங்க சம்பந்தம்? மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடாதீங்க.”

அக்கா, அந்த வாளியிலிருந்து எடுத்துக் கழுவிய பை ஒன்றை மேசையில் வைத்தார். காது இரண்டும் அப்படியே நின்றன. உள்ளே சாப்பிட்ட இலையோடு துணித்துண்டுகள். ஒன்றில் அவர் கடைப் பெயர் போட்ட பட்டை.

மிஷின் நின்றது.

“வாளியில குடுத்தா உங்க கால்ல ஒழுகுமே,” என்றார் தையல்காரர்.

“ஒழுகும்.”

அவர் பழைய பேனர் ஒன்றை எடுத்தார். வண்டியை அளந்து, அடியில் ஊசி படாமல் மூலைகளை மடித்து, ஓர் உறை தைத்துக் கொடுத்தார்.

நான்கு நாள் பசு வெறுமனே நின்றது. ஐந்தாம் நாள் தாடை மெல்லப் பக்கவாட்டில் அசைந்தது. இரண்டு பெண்களும் மூச்சுவிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மாதம் மழை. போன மழையில் இதே பைகள் சாக்கடையை அடைத்து, கொசு பெருகி, வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் கிடந்தார்கள். இந்த முறை தண்ணீர் ஓடியது. பதினோரு வீடுகள் இன்னும் கட்டித்தான் கொடுக்கின்றன. அக்கா அவர்கள் கண்ணெதிரே அவிழ்த்து, குப்பையைக் கொட்டி, பையைத் திருப்பிக் கொடுக்கிறார்.

அந்த மழையிலேயே கன்று பிறந்தது. எழுந்து நின்றதும் தெருப் பக்கம் ஓடப் பார்த்தது. அக்கா கயிற்றை எடுத்தார். நாத்தனார் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

“நீங்க தள்ளி நில்லுங்க அண்ணி. முடிச்சு நான் போட்டுக்கறேன்.”