நான் விரல் வைத்த தேதி

கண்ணுகளா, இதைக் கேட்டுப் பாதிப் பேர் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் போன வருஷம் திருத்தங்கல் அச்சகத்தில், பட்டப்பகலில், என் இரண்டு கண்ணாலும் பார்த்தது இது.

என் வீட்டுக்காரர் வெள்ளைத்துரைக்கு எழுபது வயது நிறைந்தது. எழுபதில் மனைவிக்கு மறுபடி தாலி கட்டுவது வழக்கம். நான் அவருக்கு இரண்டாம் தாரம். மூத்தவள் வீரலட்சுமி காய்ச்சலில் போனாள். மறுவருஷம் கோயிலில் நாலு பேர் முன்னால் என் கழுத்தில் தாலி ஏறியது. மேளம் இல்லை, பத்திரிகை இல்லை. அவள் இறந்தது ஏப்ரல் பன்னிரண்டு. வருஷாவருஷம் அந்தத் தேதியில் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அன்றைக்கு மட்டும் அவர் எனக்குப் புருஷன் இல்லை. செத்தவள்மேல் முப்பத்தாறு வருஷம் பொறாமைப்பட்டவள் நான். உங்களிடம் மறைப்பானேன்?

அதனால் இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டும். பத்திரிகையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் கற்பகவல்லி என்று என் பெயர் வேண்டும். ஜோசியர் தன் வீட்டில் வைத்து மூன்று தேதி எழுதித் தந்தார். நான்தான் ஒன்றில் விரல் வைத்தேன். டிசம்பர் நான்கு. அந்நேரம் வெளியே மாட்டு மணி ஒன்று கிலுங்கியது.

அச்சகத்தில் பத்திரிகை வடிவமைப்பவள் ஹர்ஷினி. வாட்ஸ்அப்பில் அனுப்பவும் ஒன்று செய்தாள். விழாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று அதில் ஓடும். மதியம் 3:12. தேதியை 04/12/2025 என்று அடித்தாள். அவள் போனில் சரியாக வந்தது. கம்ப்யூட்டரில்...

ஏப்ரல் 12. 'விழா முடிந்துவிட்டது.'

"பயந்துட்டீகளா பெரியம்மா? இந்த பிரவுசர் வெளிநாட்டுக்காரன் மாதிரி மாசத்த முதல்ல படிக்கும். போன்ல உள்ளது நம்மள மாதிரி நாள முதல்ல படிக்கும். ரெண்டும் மாமியா மருமக கணக்கா, ஒத்தே போகாது."

மாதத்தை எழுத்தில் அடித்தாள். டிசம்பர் 4.

3:19. ஏப்ரல் 12.

"எழுத்துல அடிச்சா மாறாதே..."

போனைப் பார்த்தாள். இப்போது அதிலும் ஏப்ரல் 12.

மை வாசத்துக்கு நடுவே அரைத்த மஞ்சள் வாசம்.

கிலுக்... கிலுக்...

கண்ணாடி வளையல்.

ஹர்ஷினி கையில் வாட்ச். என் கையில் தங்கக் காப்பு.

வீரலட்சுமியை மஞ்சள் பூசி, கை நிறையக் கண்ணாடி வளையலோடுதான் சுடுகாட்டுக்கு அனுப்பினார்கள்.

அவளை ஒருநாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை.

"அக்கா... ஒரே ஒரு நாள. எனக்குக் குடுத்துரு."

சத்தம் நின்றது.

3:26. இரண்டிலும் டிசம்பர் 4.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அச்சான பத்திரிகையை அவர் கையில் கொடுத்தேன். அவர் பீரோவைத் திறந்து, பழுத்துப்போன ஒரு பத்திரிகையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அவருக்கும் வீரலட்சுமிக்கும் நடந்த கல்யாணம்.

1980. டிசம்பர் 4.

"நீ தெரிஞ்சுதான் இந்த நாளக் கேட்டேன்னு நெனச்சேன் வல்லி," என்றார். கண் கலங்கியிருந்தது.

தாலி ஏறியது. மேளம் கொட்டியது. ஆனால் கண்ணுகளா, 04/12 என்பதில் நாளை முதலில் படித்தால் அவள் கல்யாண நாள். மாதத்தை முதலில் படித்தால் அவள் செத்த நாள். எனக்கு...?

அன்றைக்குக் கேட்ட அந்த மணியைப் பற்றிப் பிறகு விசாரித்தேன். ஜோசியர் தெருவில் யாரும் மாடு வளர்க்கவில்லை.