மதிலுக்கு அந்தப் பக்கத்து மண்

கல்கிசைச் சந்தியைத் தாண்டிய பிறகுதான் காலில் கிடப்பது கொந்தராத்துக்காரரின் பூட்ஸ் என்று நினைவு வந்தது. கழற்றி வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். அதற்காக இரத்மலானைக்குத் திரும்ப மனமில்லை. காலி வீதியில் வடக்கே நடந்துகொண்டிருந்தேன். கொட்டாஞ்சேனையில் இருந்த என் அறைக்கு இன்னும் வெகுதூரம். வேலை போன நாளில் நான் பஸ் ஏறுவதில்லை. அப்படிப் பல நாட்கள் நடந்திருக்கிறேன்.

அந்த வேலை மண் அள்ளும் வேலை. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிய யார்ட் ஒன்று இரத்மலானையில் மூடிக்கிடந்தது. முதலாளி நாட்டை விட்டுப் போய்விட்டார். கம்பெனியின் பேரில் கறள் பிடித்த தகரத்தைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தது, மண்ணில் ஈயம் அப்படியே இருந்தது. கடைசியில் சுத்தம் செய்யும் செலவை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. மதிலுக்கு உள்ளே ஒன்றரை அடி ஆழத்துக்கு வெட்டி, லொறியில் ஏற்றி, படங்குத் துணியால் மூடி, தராசில் நிறுத்து அனுப்ப வேண்டும். தராசுத் துண்டைக் காட்டினால் கொந்தராத்துக்காரருக்குக் காசு வரும்.

முன்பக்கத்தில் ஒரு காலத்தில் பூந்தோட்டம் இருந்திருக்கிறது. மண்புழு நெளியும் நல்ல சிவப்பு மண். அதையும் விஷ மண் என்று ஏற்றி அனுப்பினோம். பின்மதிலின் கீழே ஒரு கழிவுநீர்க் கான் வெளியே போனது. பேட்டரித் தண்ணீர் வருடக்கணக்காக அதன் வழியாகப் பக்கத்து வீட்டு முற்றத்தில் பாய்ந்திருக்கிறது. அங்கே மண் சாம்பல் நிறம், புல்கூட முளைக்கவில்லை. அதை யாரும் தொடவில்லை. உறுதிப் பத்திரத்தில் எழுதிய காணி மதிலோடு முடிகிறது, எஸ்டிமேட்டும் அங்கேயே முடிகிறது.

அந்த வீட்டுப் பெண் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். எங்கள் காலைச் சாப்பாடும் அவளிடம்தான். என்னைப் போலவே தேயிலைத் தோட்டத்துப் பக்கத்திலிருந்து வந்தவள். இரண்டு வயது மகளுக்கு மண் தின்னும் பழக்கம். கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்து, ஈயம் ஏறியிருக்கிறது, பிள்ளையை மண்ணில் விடாதே என்றிருக்கிறார்கள். அவள் பழைய தேர்தல் பேனர் ஒன்றை வாசலில் விரித்து, வேட்பாளரின் சிரித்த முகத்தின்மேல் பிள்ளையை உட்கார வைத்திருந்தாள். பிள்ளை ஓரத்துக்குத் தவழ்ந்து போய் மண்ணைத்தான் கிள்ளியது.

"அண்ணே, எங்க பக்கம் எப்ப வெட்டுவீங்க?" என்று முதல் நாளே கேட்டாள்.

நான் சுப்பவைசரிடம் கேட்டேன். கொந்தராத்தை எடுத்தவரும் அவர்தான். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் மனிதர். எதற்கும் சிரிப்பார்.

"அது கவர்மெண்ட் காசு மச்சான். மதிலோட முடிஞ்சி. அங்கால நான் மண்வெட்டி வெச்சா என்ட கைக்காசு."

அதை அவளிடம் சொன்னேன். அவள் மதிலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் கெடந்தா காசு இல்ல. அந்தப் பக்கம் விழுந்தா?"

அன்று முதல் பகல் சாப்பாட்டு நேரத்தில் அவள் முற்றத்துக்குப் போனேன். நான் வெட்டி இரும்புத் தாச்சியில் நிரப்பிக் கொடுப்பேன். அவள் சீமெந்துக் கல்லின்மேல் ஏறி நின்று மதிலுக்கு மேலால் கவிழ்ப்பாள். சமையலறைப் படியருகே தொடங்கினோம். தாச்சி கவிழும் ஒவ்வொரு தடவையும் தூசி எழும்பியது. பிள்ளை பேனரில் இருந்து கைதட்டியது. சுப்பவைசருக்குத் தெரியும். லொறி கூடினால் அவருக்கு நல்லது, அதனால் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் பகல், வேலையை மேற்பார்க்கும் அரசாங்க அதிகாரி சொல்லாமல் வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், கையில் எப்போதும் ஒரு ஃபைல். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு அவர் குரல் கேட்டது.

"நேற்று இதில பள்ளம் இருந்தது. இண்டைக்கு மேடாக் கிடக்கு. மண் என்ன, குட்டி போடுதோ?"

கையைக் காட்டி நிறுத்துமுன் அவள் அடுத்த தாச்சியைக் கவிழ்த்துவிட்டாள். அது அவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் விழுந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

சுப்பவைசர் அப்போதுதான் பிறந்தவர் மாதிரி ஆகிவிட்டார். "எனக்கு ஒண்டும் தெரியா சேர்!" என்றார். பிறகு மதிலைப் பார்த்து என்னை நோக்கி, "நீ போடா, இனி இந்தப் பக்கம் வராத" என்று கத்தினார்.

அவள் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். "அவர்மேல குத்தமில்லீங்க ஐயா. நான்தான் சொன்னேன். எங்க பக்கம் இன்னும் பாதி கெடக்கு."

நான் அவள் முற்றத்துக் கிணற்றடியில் கைகால் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். அந்த 'இன்னும் பாதி' மட்டும் காதிலேயே நின்றது.

தெஹிவளையில் தண்டவாளத்தருகே கடலைப் பார்த்து வெகுநேரம் குந்தியிருந்துவிட்டு, வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் வந்தபோது ஆபீஸ் விடும் நேரம். முருங்கைக்காய்க் கட்டோடு நின்ற ஒருவர் கூப்பிட்டார்.

"தம்பி, நில்லும். நீர்தானே மண் எறிஞ்ச ஆள்?"

அதே அதிகாரி. வீடு அந்தப் பக்கம்தான் போலும். பக்கத்துக் கடையில் பிளேன்டீ வாங்கித் தந்தார். தந்துவிட்டுத் திட்டினார்.

"உலர்ந்த மண்ணை எறிஞ்சு தூசியைக் கிளப்பி, அந்தப் பிள்ளைக்கே ஊட்டியிருக்கிறீர். தெரியுமோ?"

தெரியவில்லை. மண்ணை நனைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிள்ளை கைதட்டியது நினைவுக்கு வந்தது.

"பிழைதான் சார்," என்றேன். "ஆனா நல்ல மண்ண காசு குடுத்து அள்றீங்க. கெட்ட மண்ணு அங்கயே கெடக்கு."

"ஓம். எனக்கும் கண் தெரியுது." கிளாஸை வைத்தார். "அரசாங்கக் காசு பஸ் டிக்கெட் மாதிரி. வாங்கின பஸ் ஹோல்ட் வரைக்கும்தான் போகலாம். அடுத்த ஹோல்டுக்கு நான் கடிதம் எழுதிப் போட்டனான். வந்தால் அது அடுத்த வருசக் காசு."

"அதுவரைக்கும் பிள்ள?"

அவர் ஃபைலை மேசையில் திறந்து விரலால் ஒரு வரியைத் தடவினார்.

"பின்மதில் எஸ்டிமேட்டில இருக்கு. அசிட் ஊறின மதில், இடிச்சு அகற்றோணும். இடிஞ்சு விழுற கல்லை, அடியில இருக்கிற மண்ணோட ஒன்றரை அடிக்கு அள்ளோணும். எந்தப் பக்கம் விழோணும் எண்டு எழுதேல்லை."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷின் விட்டால் உள்ளுக்குத்தான் இழுக்கும். கையால இடிக்க ஆள் வேணும். ஆறடி மதில், ஆறடிக்குத்தான் விழும். அந்த வீட்டுக் கிணத்தடி மண் மிஞ்சும். அதுக்குக் கடிதம் வரட்டும். முதல்ல அந்தப் பிள்ளையை அங்கயிருந்து அனுப்பச் சொல்லும். மதிலை நல்லா நனைக்கோணும்."

அங்கிருந்தே அவளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அன்று கொட்டாஞ்சேனைக்குப் பஸ்ஸில் போனேன்.

மறுநாள் காலை யார்ட் வாசலில் சுப்பவைசர் நின்றார். முதல் பார்வை என் காலுக்குத்தான்.

"வாங்க மண் வள்ளல். என்ட பூட்ஸ களவெடுத்துட்டுப் போனீங்க எண்டு நெனச்சன்."

"களவெடுத்தா போட்டுக்கிட்டு வருவேனா?"

"சேர் போன் எடுத்தார். மதில் வேல ஒனக்காம். எந்தப் பக்கம் தள்ளப் போற எண்டு நான் கேக்கல்ல, நீயும் சொல்லாத." சிரித்தார். "ரெண்டு பேரக் கூட்டிக்கோ. மாஸ்க் போடு."

அவள் முதல் பஸ்ஸிலேயே மகளை ஜிந்துப்பிட்டியில் இருக்கும் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். வாசல் பேனரைச் சுருட்டி, கதவு ஜன்னலை அடைத்து, பாதைக்குப் போய் நின்றாள். நான் குழாயைப் பிடித்து மதிலை மேலிருந்து கீழாக நனைத்தேன். கல் குடித்து முடித்து, அடியில் தண்ணீர் தேங்கும்வரை நனைத்தேன். பிறகு யார்டின் உள்பக்கம் நின்று, அலவாங்குக் கம்பியை எடுத்து, மதில் அவள் முற்றத்துப் பக்கம் சாயட்டும் என்று, கீழ்வரிசைக் கல்லில் முதல் குத்துக் குத்தினேன்.